ஆங்கிலத்தில் இடம் சொல்லும் முறை

குழித்தறியில் நெய்யும் ஒருவர், "தறியில் உட்கார்ந்திருக்கின்றேன்" என்பார். "தறியில் சேலை இருக்கின்றது" என்பார். "கால்கள் குழியில் இருக்கின்றன" என்பார். இம்மூன்று வாக்கியங்களிலும் 'இல்' என்னும் ஒரே உருபு வந்து காரியத்தை முடித்து வைக்கின்றது. இவற்றையே ஆங்கிலத்தில் சொல்லப் புகுந்தால் மூன்று வேறு சொற்கள் வேண்டியிருக்கின்றன. நெசவாளர் தறியில் அமர்வது 'அட் தி லூம்'. சேலை தறியில் இருப்பது 'ஆன் தி லூம்'. கால்கள் குழியில் இருப்பது 'இன் தி பிட்'. ஒன்றுக்கு மற்றொன்றை இட்டால் பொருள் கெடும். சில வேளைகளில் பணமும் கெடும்.

ஆங்கிலம் நமக்குத் தாய்மொழியன்று. ஆயினும் வெளிநாட்டு வணிகரின் ஆர்டர், வங்கியின் படிவம், காப்பீட்டுப் பத்திரம், பூச்சிமருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய குறிப்பு ஆகிய பலவும் அம்மொழியில் வருகின்றன. இவற்றைப் படித்துக் கையெழுத்திடுபவர் நம் சங்கத்துத் தலைவரும் காரியதரிசியும்; அக்கையெழுத்தினால் வரும் ஆதாயமும் நட்டமும் அங்கத்தினர் அனைவருக்கும் உரியன. ஆகையால் இடத்தைக் குறிக்கும் சிறு சொற்களை இப்பாடத்தில் முறையாகக் கற்போம்.

1. தமிழ் முறையும் ஆங்கில முறையும்

தமிழில் இடப்பொருளைத் தருவது ஏழாம் வேற்றுமை. அதற்குரிய சொற்களாகத் தொல்காப்பியம் பத்தொன்பதை எண்ணிக் காட்டுகின்றது. நன்னூல் இருபத்தெட்டை எண்ணுகின்றது. கண், உள், அகம், புறம், மேல், கீழ், முன், பின், இடை என்பன அவற்றுட் சில. ஆகவே இடத்தை நுணுகிச் சொல்லும் ஆற்றல் நம் மொழிக்கு இல்லாமல் இல்லை. அன்றாடப் பேச்சில் நாம் 'இல்' ஒன்றையே பெரிதும் வழங்கி, நுணுக்கம் வேண்டுமிடத்து மட்டும் 'உள்ளே', 'மேலே', 'அருகே' என்று விரித்துக் கூறுகின்றோம். ஆங்கிலத்திலோ ஒவ்வொரு முறையும் நுணுக்கத்தைச் சொல்லியே தீரவேண்டும். இது முதல் வேற்றுமை.

இரண்டாவது, நம் உருபு பெயருக்குப் பின் ஒட்டி வரும். ஆங்கிலச் சொல் பெயருக்கு முன் தனித்து நிற்கும். அதனால் அதனை முன்னிடைச் சொல் என்கின்றோம். 'கிடங்கில்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'இல்' முன்னே வந்து 'இன் தி கோடவுன்' என்றாகும்.

மூன்றாவது, ஆங்கிலேயர் ஓரிடத்தை எவ்வடிவில் எண்ணுகின்றனர் என்பதைப் பொறுத்தே சொல் அமையும். இடத்தை ஒரு புள்ளியாக எண்ணினால் 'அட்'. கோடாகவோ பரப்பாகவோ எண்ணினால் 'ஆன்'. நாற்புறமும் எல்லை சூழ்ந்த அகமாக எண்ணினால் 'இன்'. இந்த ஓர் உண்மையை உள்ளத்தில் பதித்துக்கொண்டால் பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும். ஒரே இடத்தை மூன்று விதமாகவும் எண்ணலாம் என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

2. புள்ளியைக் குறிக்கும் 'அட்'

வரைபடத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் குத்திக் காட்டுகின்றோம். அங்ஙனம் காட்டும்போது அவ்விடத்தின் நீள அகலங்களை நாம் கருதுவதில்லை. 'இங்கே' என்பது மட்டுமே கருத்து. இதுவே 'அட்' என்னும் சொல்லின் பொருள். 'அட் தி பஸ் ஸ்டாப்', 'அட் தி கேட்', 'அட் தி டோர்', 'அட் தி கிராஸ்ரோட்ஸ்' என்பன இவ்வகையின. பவானி நகரம் காவிரியும் பவானியாறும் கூடுமிடத்தில் இருக்கின்றது. இரண்டு கோடுகள் சந்திக்குமிடம் புள்ளியாதலின் 'பவானி ஸ்டாண்ட்ஸ் அட் தி கான்ஃப்ளுயன்ஸ்' என்று சொல்லுதல் வேண்டும்.

ஒரு காரியத்தை முன்னிட்டு ஓரிடத்தில் இருப்பதற்கும் 'அட்' வரும். தலைவர் வங்கிக் காரியமாகப் போயிருக்கின்றார் என்றால் 'அட் தி பேங்க்'. அவர் கட்டடத்துக்கு உள்ளே இருக்கின்றாரா, வாயிலில் நிற்கின்றாரா என்பது இங்கே கேள்வியன்று. 'அட் ஸ்கூல்', 'அட் ஒர்க்', 'அட் தி மீட்டிங்', 'அட் தி மார்க்கெட்' என்பனவும் இவ்வாறே. நெசவாளர் தொழிலின் பொருட்டுத் தறியை அடுத்து அமர்வதால் அவர் 'அட் தி லூம்' இருக்கின்றார்.

3. பரப்பையும் கோட்டையும் குறிக்கும் 'ஆன்'

ஒன்றின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருப்பது 'ஆன்'. மேசையின் மேல் சாவி 'ஆன் தி டேபிள்'. சுவரில் மாட்டிய படம் 'ஆன் தி வால்'. கூரையின் உட்புறத்தில் ஊர்ந்து செல்லும் பல்லியும் 'ஆன் தி சீலிங்'. 'ஆன்' என்றால் 'மேலே' என்று மட்டும் நெட்டுருப் போட்டவர் பல்லியின் செய்தியில் தடுமாறுவர். மேலா கீழா என்பதைவிடப் பரப்பைத் தொடுகின்றதா என்று கேட்பதே சரியான கேள்வி.

ஆறு, சாலை, கடற்கரை, எல்லை இவையெல்லாம் நீண்டு செல்லும் கோடுகள். கோட்டை ஒட்டியிருக்கும் ஊருக்கும் 'ஆன்' வரும். ஈரோடு காவிரிக் கரையில் இருக்கின்றது: 'ஈரோடு இஸ் ஆன் தி காவேரி'. இதனை 'இன் தி காவேரி' என்று எழுதினால் ஊர் நீரில் கிடக்கின்றது என்று பொருளாகும். திருவரங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது இரண்டும் வரும். அது தீவின் மேல் அமைந்தமையால் 'ஆன் ஆன் ஐலண்ட்'. அத்தீவு ஆற்றின் நடுவே இருப்பதால் 'இன் தி காவேரி'. 'ஸ்ரீரங்கம் இஸ் ஆன் ஆன் ஐலண்ட் இன் தி காவேரி' என்னும் இவ்வாக்கியத்தை நன்கு மனத்தில் கொள்க. இதில் 'ஆன்' இருமுறை வருவது போல் ஒலிக்கும். முதலாவது முன்னிடைச் சொல். இரண்டாவது உயிரெழுத்துக்கு முன் 'ஒரு' என்னும் பொருளில் வரும் சொல்.

4. அகத்தைக் குறிக்கும் 'இன்'

எல்லையால் சூழப்பட்ட இடத்தின் உள்ளே இருப்பது 'இன்'. பெட்டியில், அறையில், கிணற்றில், மாவட்டத்தில், நாட்டில் என்பவை யாவும் 'இன்'. சென்னிமலை ஈரோடு மாவட்டத்தில் உள்ளது: 'சென்னிமலை இஸ் இன் ஈரோடு டிஸ்ட்ரிக்ட்'. ஏற்றுமதித் துணியில் அச்சிடும் 'மேட் இன் இந்தியா' என்பதும் இவ்விதிப்படியே அமைந்தது.

சங்கத்தின் கணக்கேட்டை எடுத்துக்கொண்டால் மூன்று சொற்களும் ஒருங்கே விளங்கும். பதிவு ஏட்டில் இருப்பது 'இன் தி லெட்ஜர்'. 30-ஆம் பக்கத்தில் இருப்பது 'ஆன் பேஜ் 30'. பக்கத்தின் தலைப்பில் இருப்பது 'அட் தி டாப் ஆஃப் தி பேஜ்'. ஏடு ஓர் அகம்; பக்கம் ஒரு பரப்பு; தலைப்பு ஒரு புள்ளி. கையெழுத்தை அடியில் இடுக என்பதற்கு 'சைன் அட் தி பாட்டம்' என்றே படிவங்களில் காண்பீர்கள்.

மூலைக்கு இரு சொற்களும் உண்டு. அறைக்குள் இருந்து பார்த்தால் மூலை நம்மைச் சூழ்ந்து நிற்கும். அது 'இன் தி கார்னர்'. தெருவிலிருந்து பார்த்தால் மூலை ஒரு முனையாகத் தோன்றும். அது 'அட் தி கார்னர்'.

5. ஊர்ப்பெயர்கள்

பேரூருக்கு 'இன்', சிற்றூருக்கு 'அட்' என்று பழைய இலக்கண நூல்கள் சில கற்பித்தன. இது அரை உண்மை. ஊரின் பருமனைவிட நாம் அதனை நோக்கும் முறையே முக்கியம். ஈரோட்டில் வாழ்கின்றேன் என்பவர் அந்நகரின் தெருக்களுக்கு நடுவே தம்மை வைத்து எண்ணுகின்றார். ஆகவே 'ஐ லிவ் இன் ஈரோடு'. ரயில் ஈரோட்டில் நிற்கும் என்பவருக்கு அந்நகரம் நீண்ட பாதையில் ஒரு புள்ளி. ஆகவே 'தி டிரெயின் ஸ்டாப்ஸ் அட் ஈரோடு'. ஊர் ஒன்றே; நோக்கு இரண்டு.

விலாசம் சொல்லும்போது கதவு எண்ணுக்கு 'அட்' வரும்: 'அட் 25, பஜார் ஸ்ட்ரீட்'. எண் இல்லாமல் தெருவை மட்டும் சொன்னால் பிரிட்டிஷ் வழக்கில் 'இன் தி ஸ்ட்ரீட்' என்பர். அமெரிக்கர் 'ஆன் தி ஸ்ட்ரீட்' என்பர். இரண்டும் பிழையல்ல. கடிதம் எழுதுபவர் எந்த நாட்டவரோ அந்நாட்டு வழக்கை அவர் கடிதத்தில் காணலாம்.

வண்டிகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றில் பயணம் செய்தல் 'ஆன்'. கார், ஆட்டோ, டாக்சி ஆகியவற்றில் 'இன்'. எழுந்து நடமாடக்கூடிய வண்டிக்கு 'ஆன்' என்றும், குனிந்து நுழைந்து உட்காரும் வண்டிக்கு 'இன்' என்றும் அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

6. துணியிலும் பயிரிலும்

துணியில் உள்ள குறையைப் பற்றி வணிகர் எழுதும் கடிதத்தில் இச்சொற்களைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கறை துணியின் மேற்பரப்பில் படிவது. ஆதலால் 'எ ஸ்டெயின் ஆன் தி கிளாத்'. ஓட்டை துணியின் உடம்பிலேயே இருப்பது. ஆதலால் 'எ ஹோல் இன் தி கிளாத்'. நூலில் முடிச்சு 'இன் தி யார்ன்'. பாவில் அறுந்த இழை 'இன் தி வார்ப்'. ஊடையில் விடுபட்ட இழை 'இன் தி வெஃப்ட்'. 'ஆன்' என்று வந்தால் குறை மேலே ஒட்டியது என்று கொண்டு, கட்டும்போதோ வழியிலோ நேர்ந்ததா என்று ஆராயலாம். 'இன்' என்று வந்தால் நூலிலும் நெய்த தறியிலும் முதலில் தேடுதல் வேண்டும். குறையின் காரணத்தை இச்சொல் ஒன்றே முடிவு செய்துவிடாது. எங்கே தேடத் தொடங்குவது என்பதைக் காட்டும்.

பயிர் செய்வோருக்கும் இது பொருந்தும். இலையின் மேல் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் அசுவினி 'ஆன் தி லீஃப்'. நெல்லின் தண்டைக் குடைந்து உள்ளே வாழும் குருத்துப் புழு 'இன் தி ஸ்டெம்'. பருத்திக் காய்க்குள் இருக்கும் காய்ப்புழு 'இன் தி போல்'. மருந்துக் குறிப்பில் 'ஸ்பிரே ஆன் தி லீவ்ஸ்' என்றிருந்தால் இலைமேல் தெளித்தல். 'அப்ளை டு தி சாயில்' என்றிருந்தால் மண்ணுக்கு இடுதல். 'அட் தி பேஸ் ஆஃப் தி பிளாண்ட்' என்றிருந்தால் செடியின் அடியில் இடுதல். மண்ணுக்கு இடவேண்டியதை இலையில் தெளித்தால் மருந்தும் வீண், பயிருக்கும் கேடு வரலாம்.

மரத்திலுள்ள பழம் 'ஆன் தி ட்ரீ'. மரத்திலுள்ள காகம் 'இன் தி ட்ரீ'. பழம் மரத்தின் பகுதியாக ஒட்டி நிற்கின்றது. காகம் கிளைகளுக்கும் இலைகளுக்கும் உள்ளே வந்து தங்குகின்றது. வயலில் வேலை செய்தல் 'இன் தி ஃபீல்டு'. பண்ணையில் வேலை செய்தல் 'ஆன் தி ஃபார்ம்'. வயல் வரப்பால் சூழப்பட்டது. பண்ணையை ஆங்கிலேயர் நிலப்பரப்பாகவே எண்ணினர். இத்தகைய வழக்குகளை ஜோடியாக மனனம் செய்தலே எளிது.

7. திசையும் எல்லையும்

நிலப்பத்திரங்களை ஆங்கிலத்தில் படிக்க நேரும்போது திசைச் சொற்களுக்கு முன் வரும் சிறு சொல்லைப் பார்க்க வேண்டும். ஒன்றின் உட்பகுதியைக் குறித்தால் 'இன்': ஈரோடு தமிழ்நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ளது, 'இன் தி வெஸ்ட் ஆஃப் தமிழ்நாடு'. எல்லையைத் தொட்டு நிற்பதைக் குறித்தால் 'ஆன்': தமிழ்நாட்டின் வடக்கெல்லையில் ஆந்திரப் பிரதேசமும் கர்நாடகமும் உள்ளன, 'பவுண்டெட் ஆன் தி நார்த் பை' என்று தொடங்கும் வாக்கியம் இதனைச் சொல்லும். எல்லைக்கு வெளியே ஒரு திசையில் இருப்பதைக் குறித்தால் 'டு': இலங்கை இந்தியாவுக்குத் தென்கிழக்கே உள்ளது, 'டு தி சவுத்ஈஸ்ட் ஆஃப் இந்தியா'.

எல்லையைத் தொடுமிடத்தும் 'டு' வருவதுண்டு. ஆனால் வெளியே இருப்பதற்கு 'இன்' ஒருபோதும் வராது. ஒரு கிணறு 'இன் தி நார்த் ஆஃப் தி லேண்ட்' இருந்தால் அது அந்நிலத்துக்குள் இருப்பது. 'டு தி நார்த் ஆஃப் தி லேண்ட்' இருந்தால் நிலத்துக்கு வெளியே வடக்கே இருப்பது. கிணறு யாருக்கு உரியது என்னும் வழக்கு இவ்விரண்டு சொற்களுக்கு நடுவே எழக்கூடும்.

8. ஆற்றில் மேலும் கீழும்

'அபவ்' என்பது மேலே. 'பிலோ' என்பது கீழே. ஆற்றைப் பற்றிப் பேசும்போது இவற்றுக்கு நீரோட்டத்தைத் தழுவிய பொருள் உண்டு. நீர் வரும் பக்கம் 'அபவ்'; நீர் போகும் பக்கம் 'பிலோ'. பவானியாற்றில் 1955-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் அணைக்குக் கீழே கொடிவேரி அணைக்கட்டு உள்ளது. இதனை 'கொடிவேரி இஸ் பிலோ பவானிசாகர்' என்பர். 'அண்டர்' என்றால் நேர் அடியில் என்று பொருள்படும். அணைக்கு அடியில் மற்றோர் அணை இருத்தல் இயலாது. ஆனால் ஓர் ஏரியின் பாசனத்துக்கு உட்பட்ட ஆயக்கட்டைக் குறிக்க 'அண்டர் தி டேங்க்' என்று எழுதுவது நம் நாட்டு வருவாய்த்துறை ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. அங்கே 'அண்டர்' ஆதிக்கத்தைக் குறிக்கும்.

அணை ஆற்றின் குறுக்கே நிற்பது. அது 'அக்ராஸ் தி ரிவர்'. கரையோரமாகச் செல்லும் பாதை 'அலாங் தி ரிவர்'. மதகின் வழியே பாயும் நீர் 'த்ரூ தி ஸ்லூஸ்'. இம்மூன்றையும் தறியிலும் காணலாம். நாடா பாவின் குறுக்கே ஓடுகின்றது, 'அக்ராஸ் தி வார்ப்'. பாவு இழைகள் பிரிந்து உண்டாகும் இடைவெளியின் ஊடே செல்கின்றது, 'த்ரூ தி ஷெட்'. கரை சேலையின் நெடுகிலும் ஓடுகின்றது, 'அலாங் தி சாரி'. ஊடை என்னும் நம் சொல்லுக்குள்ளேயே 'ஊடு' இருக்கின்றது. 'த்ரூ' என்பதன் பொருளை நெசவாளருக்கு வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு ஊர்களுக்கு இடையே என்பது 'பிட்வீன்'. ஒரு கூட்டத்துக்கு நடுவே என்பது 'அமாங்'. ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் இடையே 'பிட்வீன் ஈரோடு அண்ட் சேலம்'. தென்னை மரங்களுக்கு நடுவே 'அமாங் தி கோகனட் ட்ரீஸ்'.

9. செல்லலும் நீங்கலும்

இருப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் சேர்வதற்கு ஒன்றும் நீங்குவதற்கு ஒன்றும் உண்டு. 'அட்' என்னும் இடத்துக்குச் செல்லுதல் 'டு'. அதனின்று நீங்குதல் 'ஃபிரம்'. 'ஆன்' என்னும் இடத்துக்குச் செல்லுதல் 'ஆன்டு', நீங்குதல் 'ஆஃப்'. 'இன்' என்னும் இடத்துக்குச் செல்லுதல் 'இன்டு'. நீங்குதல் 'அவுட் ஆஃப்'. எனவே நெய்து முடித்த துணி 'ஆஃப் தி லூம்' வருகின்றது. பெட்டியிலுள்ள நூல் 'அவுட் ஆஃப் தி பாக்ஸ்' வருகின்றது. கோயம்புத்தூரிலிருந்து வரும் பஞ்சு 'ஃபிரம் கோயம்புத்தூர்' வருகின்றது.

'அரைவ்' என்னும் வினைக்குப் பின் நாடும் நகரமும் 'இன்' பெறும். நிலையமும் கட்டடமும் 'அட்' பெறும். 'அரைவ்ட் இன் சென்னை', 'அரைவ்ட் அட் தி ஸ்டேஷன்' என்க. 'அரைவ்ட் டு' என்பது வழக்கில் இல்லை.

'சென்னைக்கு வந்து சேர்ந்தோம்' என்னும் தமிழின் 'கு' உருபை ஒவ்வோரிடத்தும் 'டு' என்று பெயர்த்தலே நம்மவர் பெரிதும் செய்யும் பிழை. 'ரீச்' என்னும் வினைக்குப் பின் எச்சொல்லும் வேண்டாம்: 'வி ரீச்ட் சென்னை'. அறைக்குள் நுழைதற்கு 'என்டர்' மட்டும் போதும். 'என்டர்ட் தி ரூம்' என்க. வீட்டுக்குப் போதல் 'கோ ஹோம்'. 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்' ஆகியவையும் 'கோ', 'கம்' என்னும் வினைகளோடு 'டு' இன்றியே வரும்.

10. ஒப்பந்தத்தில் இச்சொற்கள்

இனி, இப்பாடத்தின் பயனைக் காண்போம். பாரிஸ் நகரத்தில் தலைமையிடம் கொண்ட சர்வதேச வர்த்தகச் சபை, விற்பவரும் வாங்குபவரும் செலவையும் ஆபத்தையும் எவ்விடத்தில் பங்கிட்டுக்கொள்வது என்பதற்குரிய குறியீடுகளை 1936-ஆம் ஆண்டு முதலில் வெளியிட்டது. பலமுறை திருத்தப்பெற்று 2020-ஆம் ஆண்டின் பதிப்பாக வந்த அவற்றுக்கு 'இன்கோடெர்ம்ஸ்' என்று பெயர். இவற்றின் உயிர் இடத்தைக் குறிக்கும் சிறு சொற்களில்தான் இருக்கின்றது.

'எஃப்.ஏ.எஸ். தூத்துக்குடி' என்பது 'ஃப்ரீ அலாங்சைடு ஷிப்'. சரக்கைத் துறைமுகத்தில் கப்பலின் பக்கத்தே கொண்டுபோய் வைத்தவுடன் விற்பவரின் பொறுப்பு தீர்ந்தது. 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்பது 'ஃப்ரீ ஆன் போர்டு'. இங்கே 'ஆன்' வந்துவிட்டது. சரக்கு கப்பலின் மேல் ஏறும்வரை ஆபத்து விற்பவருடையது. தூக்கி ஏற்றும்போது கட்டு நழுவிக் கடலில் விழுந்தால், முன்னதில் நட்டம் வாங்குபவருக்கு, பின்னதில் நட்டம் விற்பவருக்கு. முற்காலத்தில் கப்பலின் கைப்பிடிச் சுவரைச் சரக்கு தாண்டுவதே எல்லையாக இருந்தது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு அதனை நீக்கி, சரக்குக் கப்பலின் மேல் வைக்கப்படுவதை எல்லையாக்கிற்று.

தரைவழி ஒப்புவிப்பிலும் நுணுக்கம் உண்டு. 'டெலிவர்ட் அட் பிளேஸ்' என்றால், குறித்த இடத்துக்கு வண்டி வந்து, சரக்கு இறக்குவதற்கு ஆயத்தமாக நின்றால் போதும். இறக்கும் செலவும் ஆபத்தும் வாங்குபவருடையன. இறக்கிக் கொடுப்பதும் விற்பவர் கடமையாக வேண்டின் 'டெலிவர்ட் அட் பிளேஸ் அன்லோடெட்' என்று எழுதுவர். 'அட்' புள்ளியைச் சேர்வதை மட்டும் குறிக்கும் என்று முன்னே கற்றதை இங்கே நினைவுகூர்க. சங்கம் நூல் வாங்கும்போது 'அட் அவர் கோடவுன்' என்று மட்டும் எழுதினால், இறக்கு கூலி யாருடையது என்னும் தகராறுக்கு இடம் வைத்ததாகும். நூல் கிடங்குக்குள் அடுக்கப்பட வேண்டுமென்றால், 'அன்லோடெட் அண்ட் ஸ்டாக்ட் இன் அவர் கோடவுன்' என்று தெளிவாக எழுதுதல் நலம்.

வங்கியிலும் இதே நிலை. கடன் உறுதிக் கடிதத்தின் பேரில் பணம் பெறுவதற்குரிய விதிகள் 2007-ஆம் ஆண்டு முதல் 'யு.சி.பி. 600' என்னும் பெயரால் நடப்பில் உள்ளன. கடல்வழி அனுப்பும் சரக்குக்குரிய கப்பல் ரசீதில், சரக்குக் கப்பலின் மேல் ஏற்றப்பட்டது என்பதைக் காட்டும் 'ஷிப்ட் ஆன் போர்டு' என்னும் குறிப்பை அவ்விதிகள் கேட்கின்றன. ஏற்றுவதற்காகப் பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் ரசீதைக் காட்டினால் வங்கி குறை கூறித் திருப்பக்கூடும். துணி நல்ல துணியாக இருந்தும், கூலி கொடுக்க வேண்டிய பணம் வந்து சேராமல் நிற்கும்.

காப்பீட்டையும் சேர்த்து எண்ணுவோம். ஒரு சங்கம் தன் சரக்கை 'இன் தி கோடவுன்' என்று எழுதிக் காப்பீடு செய்ததாகக் கொள்வோம். மழைக்காலத்தில் இடமின்றிச் சில கட்டுகளை முற்றத்தில் அடுக்கி வைக்கின்றனர், அங்கே தீப்பற்றுகின்றது. அக்கட்டுகள் கிடங்கின் அகத்தில் இல்லை. 'ஆன் தி பிரமிசஸ்' என்றிருந்தால் வளாகம் முழுவதும் அச்சொல்லில் அடங்கும். ஆயினும் திறந்த வெளிச் சரக்கைத் தனியே குறித்துக் கொடுத்து, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறுதலே பாதுகாப்பு. ஒவ்வோர் ஆண்டும் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளில், சரக்கு உண்மையில் எங்கெங்கே இருக்கின்றது என்பதைக் கண்ணால் பார்த்து, பத்திரத்தின் சொல்லோடு ஒப்பிட்டு நோக்குக.

11. பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புக. விடைகளைப் பாராமல் முதலில் முயலுக.

(அ) கிடங்குச் சாவி மேசையில் இருக்கின்றது: தி கீ இஸ் —— தி டேபிள்.
(ஆ) நெல் களஞ்சியத்தில் இருக்கின்றது: தி பேடி இஸ் —— தி கிரேனரி.
(இ) பஸ் நாற்சந்தியில் நிற்கும்: தி பஸ் ஸ்டாப்ஸ் —— தி கிராஸ்ரோட்ஸ்.
(ஈ) சேலையில் எண்ணெய்க் கறை உள்ளது: தேர் இஸ் ஆன் ஆயில் ஸ்டெயின் —— தி சாரி.
(உ) பாவில் ஓர் இழை அறுந்துள்ளது: தேர் இஸ் எ புரோக்கன் எண்ட் —— தி வார்ப்.
(ஊ) கரூர் அமராவதிக் கரையில் உள்ளது: கரூர் இஸ் —— தி அமராவதி.
(எ) வாளி கிணற்றுக்குள் விழுந்தது: தி பக்கெட் ஃபெல் —— தி வெல்.
(ஏ) பிரதிநிதிகள் நேற்றுச் சென்னை வந்தனர்: தி டெலிகேட்ஸ் அரைவ்ட் —— சென்னை எஸ்டர்டே.
(ஐ) அவர்கள் கோயம்புத்தூரை அடைந்தனர்: தே ரீச்ட் —— கோயம்புத்தூர்.
(ஒ) வாய்க்கால் வயலின் ஓரமாகச் செல்கின்றது: தி சேனல் ரன்ஸ் —— தி எட்ஜ் ஆஃப் தி ஃபீல்டு.

விடைகள்: (அ) ஆன். (ஆ) இன். (இ) அட். (ஈ) ஆன். (உ) இன். (ஊ) ஆன். (எ) இன்டு. (ஏ) இன். (ஐ) ஒன்றும் வேண்டாம். (ஒ) அலாங்.

ஏழு விடைக்குக் குறையாமல் சரியாக எழுதியவர் சங்கத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை அச்சமின்றிப் படிக்கத் தொடங்கலாம். குறைவாகப் பெற்றவர், பிழைபட்ட வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அங்கே குறிக்கப்படும் இடம் புள்ளியா, பரப்பா, அகமா என்று தம்மைத் தாமே கேட்டு மீண்டும் எழுதுக. மாலை நேரத்தில் சங்க அலுவலகத்தில் நாலைந்து பேர் கூடி, பழைய ஆர்டர்களையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் 'அட்', 'ஆன்', 'இன்' வருமிடங்களைக் கோடிட்டுப் படித்தல் சிறந்த பயிற்சியாகும். பொருள் விளங்காத சொல் ஒன்று எஞ்சியிருக்கும்வரை எப்பத்திரத்திலும் கையெழுத்திடாதிருத்தல் சங்கத்தின் வழக்கமாக வேண்டும்.